இன்கா பாதையா, சல்கன்தாயா? மச்சு பிச்சுவுக்கு நடந்து செல்லும் வழிகள் குறித்த ஓர் ஒப்பீடு

பெரு நாட்டின் குஸ்கோ பகுதியிலிருந்து, ஆண்டிஸ் மலைப்பகுதியை ஆண்ட இன்காக்களின் பழைய மலைநகரான மச்சு பிச்சுவுக்கு நடந்தே செல்ல விரும்புகிறவர்களுக்குப் பயண முகவர்கள் முதலில் சொல்வது, நான்கு நாள் இன்கா பாதையை. அதற்கு அனுமதி தீர்ந்துவிட்டால், சல்கன்தாய் பனிமலையை ஒட்டிச் செல்லும் நான்கு அல்லது ஐந்து நாள் நடையை மாற்று வழியாகப் பரிந்துரைக்கிறார்கள். இவற்றை ஒன்றுக்கொன்று ஈடாக எண்ணுவதுதான் பலரைப் பொருந்தாத தேர்வுக்குக் கொண்டுசெல்கிறது என்பது என் உறுதியான கருத்து. இரண்டும் ஒரே இடத்தில் முடிகின்றன என்பது உண்மைதான். ஆனால் முன்னது இன்காக்களின் கட்டுமானங்களின் ஊடாகவும், பின்னது மலையின் ஊடாகவும் செல்கிறது.

இன்கா பாதை, மச்சு பிச்சு நோக்கிச் செல்லும் ரயில் தடத்தின் 82ஆவது கிலோமீட்டரில் தொடங்கி ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நீள்கிறது. இரண்டாம் நாளில் கடக்கும் வார்மி வன்யுஸ்கா கணவாய் 4,215 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பெரும்பாலான பயணக் குறிப்புகள் அந்த ஏற்றத்தையே பேசுகின்றன. என் பார்வையில் இந்தப் பாதையின் செல்வம் மூன்றாம் நாளில்தான் இருக்கிறது. ருன்குரகாய் என்னும் வட்ட வடிவ இடிபாட்டைத் தாண்டி, செங்குத்தான படிக்கட்டின் உச்சியில், மூன்று புறமும் சரிவாக விழும் பாறை முனையில் சயக்மார்க்கா என்னும் இன்கா குடியிருப்பின் இடிபாடு நிற்கிறது. அதன் பிறகு பாதை, பாறைப் பிளவை அகலப்படுத்தி உள்ளேயே படிகள் வெட்டிய ஒரு சுரங்கத்தின் வழியாகச் செல்கிறது. பிற்பகலில் வரும் வின்யாய் வைனா என்னும் இடிபாட்டில், மலைச்சரிவின் வளைவை அப்படியே பின்பற்றி அடுக்கடுக்காக எழும் படிமேடைகளையும், மேல் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் இணைக்கும் நீண்ட படிக்கட்டையும், அதன் அருகே ஒன்றன்கீழ் ஒன்றாக நீர் இறங்கும் கல் தொட்டிகளின் வரிசையையும் காணலாம். கால்களுக்குக் கீழே இருக்கும் கல்தளத்தின் பெரும்பகுதியும் 15ஆம் நூற்றாண்டில் இன்காக்கள் பதித்ததே என்பதால், இங்கே பாதையே ஒரு தொல்லியல் சின்னமாக இருக்கிறது. நான்காம் நாள் காலையில் இன்டிபுங்கு என்னும் சூரிய வாயிலைக் கடந்து மேலிருந்து மச்சு பிச்சுவுக்குள் இறங்குவது, அந்த நகரை அடைய இன்காக்களே வகுத்த வழிகளில் ஒன்று.

இந்தச் செல்வத்துக்குரிய விலை, முன்கூட்டிய திட்டமிடல். நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அந்த எண்ணிக்கையில் வழிகாட்டிகளும் சமையற்காரர்களும் சுமைதூக்கும் தொழிலாளர்களும் அடங்குவதால், பயணிகளுக்குச் சுமார் 200 இடங்களே மிஞ்சுகின்றன. அனுமதி கடவுச்சீட்டு எண்ணுடன் பிணைக்கப்பட்டது. வேறொருவருக்கு மாற்ற இயலாது. உரிமம் பெற்ற நிறுவனத்துடன் மட்டுமே செல்ல முடியும். பிப்ரவரி மாதம் முழுவதும் பராமரிப்புக்காகப் பாதை மூடப்படும். மே முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களில் செல்ல விரும்பினால் ஆறு மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்துவிடுவது நல்லது. கோவேறு கழுதைகளுக்கு உயரமான பகுதிகளில் அனுமதி இல்லாததால் கூடாரம், அரிசி, எரிவாயு உருளை அனைத்தும் மனிதர்களின் முதுகில்தான் ஏறுகின்றன. எனவே கட்டணத்தை ஒப்பிடும்போது, அந்தத் தொழிலாளர்களுக்கு என்ன கூலி, எவ்வளவு சுமை, எங்கே உறக்கம் என்பதையும் நிறுவனத்திடம் கேட்டுவிட வேண்டும். மிகக் குறைந்த கட்டணம் பெரும்பாலும் அவர்களுடைய கூலியிலிருந்துதான் கழிக்கப்படுகிறது.

சல்கன்தாய் வழிக்கு இத்தகைய ஒதுக்கீடு இல்லை. சில வாரங்களுக்கு முன்பு முடிவெடுத்தும் செல்லலாம். சுமைகளைக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சுமக்கின்றன. 6,271 மீட்டர் உயரமுள்ள சிகரத்தின் பனிப்பாறைகளை அண்ணாந்து பார்த்தபடி 4,600 மீட்டரைத் தாண்டிய கணவாயைக் கடந்து, ஒன்றிரண்டு நாட்களிலேயே காப்பித் தோட்டங்கள் நிறைந்த வெப்பமான பள்ளத்தாக்குக்கு இறங்கும் அனுபவத்தை இன்கா பாதையால் தர இயலாது. ஆனால் இடிபாடுகளைத் தேடி வந்தவருக்கு, மச்சு பிச்சுவை எதிர்முனையிலிருந்து காட்டும் யக்டாபாட்டா மேடு நீங்கலாக, வழியில் குறிப்பிடத்தக்க கட்டுமானம் ஏதும் கிடைப்பதரிது. இறுதி நடையும் நீர்மின் நிலையத்திலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே, மச்சு பிச்சுவின் அடிவாரத்தில் உள்ள அகுவாஸ் காலியெந்தெஸ் ஊருக்குச் செல்கிறது. சூரிய வாயில் வழியாக நுழையும் வாய்ப்பு இல்லை.

ஆகவே, கல்வேலைக்காகவே வரும் ஒருவருக்கு நான்கு நாள் அனுமதி கிடைக்கவில்லை என்றால், அவருக்கு உரிய மாற்று சல்கன்தாய் அன்று. 104ஆவது கிலோமீட்டரில் ரயிலை விட்டு இறங்கி நடக்கும் ஒரு நாள் இன்கா பாதையே. இதற்கும் அனுமதி வேண்டும் என்றாலும் ஒதுக்கீடு தனியானது. சுமார் 12 கிலோமீட்டர் நடையில் சச்சபம்பா இடிபாடு, வின்யாய் வைனா, சூரிய வாயில் ஆகிய மூன்றும் வந்துவிடுகின்றன. எந்த இடத்திலும் மிக உயரமாக ஏற வேண்டியதில்லை என்பதால் வயதானவர்களுக்கும், மூச்சுத்திணறலுக்கு அஞ்சுகிறவர்களுக்கும் இதையே நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மலைக்காகவே வருகிறவரோ, இன்கா பாதையில் இடம் இருந்தாலும் சல்கன்தாயையே தேர்ந்தெடுக்கலாம்.

கூட்டமே வேண்டாம் என்கிறவர்களுக்கு, மச்சு பிச்சுவைப் போன்ற மற்றோர் இன்கா இடிபாடான சோக்கேகிராவ் இருக்கிறது. கபுலியோக் முனையிலிருந்து அபுரிமாக் ஆறு வரை ஏறத்தாழ 1,400 மீட்டர் இறங்கி, மறுகரையில் அதே அளவுக்கும் மேல் ஏற வேண்டும். திரும்பும்போது மீண்டும் அதையே செய்ய வேண்டும். பேருந்தோ ரயிலோ அங்கே செல்வதில்லை. கருநிறச் சுவர்களில் வெண்கற்களைப் பதித்து லாமாக்களின் உருவங்களை அமைத்திருக்கும் படிமேடைகள் அந்த உழைப்புக்குத் தகுதியானவை. ஆனால் முழங்கால் வலியுள்ளவர்கள் இந்த வழியைத் தவிர்ப்பதே நல்லது. லாரெஸ் பள்ளத்தாக்கு நடை, கெச்சுவா நெசவாளர்களின் ஊர்களைக் காண விரும்புவோருக்கு உரியது. இடிபாடுகளைக் காண அன்று.

எந்த வழியானாலும் உயரத்துக்கு உடலைப் பழக்குவதில் அவசரம் கூடாது. மச்சு பிச்சு 2,430 மீட்டரில் இருக்க, குஸ்கோ 3,400 மீட்டரில் இருக்கிறது. எனவே குஸ்கோவில் விமானம் இறங்கியதும் அங்கே தங்காமல், அருகிலுள்ள புனிதப் பள்ளத்தாக்கின் ஒயான்டாய்டாம்போவுக்குச் சென்று, சுமார் 2,800 மீட்டரில் ஓரிரு இரவுகள் தங்கி, அங்குள்ள கோட்டையையும் பீசாக்கின் படிமேடைகளையும் பார்த்த பிறகு குஸ்கோவுக்குத் திரும்பி ஏறுவது உடலுக்கு இதமான வரிசை. ஓய்ந்திருக்கும்போதும் தலைவலியும் வாந்தியும் தொடர்ந்தால், மேற்கொண்டு ஏறாமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

சல்கன்தாய், லாரெஸ் வழிகளில் வருகிறவர்கள் மச்சு பிச்சு நுழைவுச்சீட்டின் வகையையும் கவனிக்க வேண்டும். 2024 முதல் அங்கே மூன்று சுற்றுகள், அதாவது சுற்றிப் பார்ப்பதற்கென வகுத்த தனித்தனிப் பாதைகள், நடைமுறையில் உள்ளன. முதல் சுற்று மேல் மேடைகளிலிருந்து முழுக் காட்சியைத் தருகிறதே தவிர, நகருக்குள் அழைத்துச் செல்வதில்லை. கோயில்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே நடக்க வேண்டுமென்றால் இரண்டாம் சுற்றே ஏற்றது. அது விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், முதலில் நுழைவுச்சீட்டை வாங்கி, அந்தத் தேதிக்கு ஏற்பவே ரயிலையும் நடையையும் பதிவுசெய்ய வேண்டும்.