படையா, பணமா? ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷாரின் இரண்டு வழிகள்

எட்டாத மலைநாட்டைக் கைக்குள் வைக்கப் படையை அனுப்புவதா, பணத்தை அனுப்புவதா? பிரிட்டிஷார் இரண்டையும் செய்து பார்த்தார்கள்.

செலவு
படை: 1839-ல் காபூலைப் பிடித்தது சுலபம், அங்கே உட்கார்ந்திருப்பதுதான் கையைக் கடித்தது. சிக்கனம் என்று 1841-ல், மலைக் கணவாய்களைக் கையில் வைத்திருந்த கில்சாய் பழங்குடித் தலைவர்களின் உதவித்தொகையைக் குறைத்தார்கள். அவர்கள் கணவாய்களை அடைத்துவிட்டார்கள். தபால்கூட நின்றுபோனது.
பணம்: ஆப்கானிஸ்தானின் அமீர் (ஆட்சியாளர்) அப்துர் ரஹ்மானுக்கு 1883 முதல் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய், 1893-ல் 18 லட்சம்.

நிலைப்பு
படை: மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1842 ஜனவரி பனியில் சுமார் 16,000 பேர் காபூலை விட்டுக் கிளம்பினார்கள். அதில் போர்வீரர்கள் ஏறத்தாழ 4,500 பேர்தான். மற்றவர்கள் பணியாளர்களும் குடும்பங்களும். ஒரு வாரம் கழித்து பிரிட்டிஷார் வசமிருந்த ஜலாலாபாத் கோட்டைக்கு, களைத்த குதிரையில் மருத்துவர் பிரைடன் வந்து சேர்ந்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் வழியிலேயே மாண்டுபோனார்கள்.
பணம்: 1919 வரை ஓடியது.

எளிமை
பணம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் உள்நாட்டில் அமீர் வைத்ததே சட்டம்.

சரி, எது எதற்கு? பிரிட்டிஷ் இந்தியாவை ரஷ்யா நெருங்காமல் இருந்தால் போதும் என்றால் பணம். அடித்துவிட்டு உடனே திரும்புவதற்குப் படை: 1842 செப்டம்பரில் பிரிட்டிஷ் தளபதி பொலாக்கின் படை காபூலுக்கு வந்து, கடைத்தெருவைத் தகர்த்துவிட்டு, அக்டோபரிலேயே கிளம்பிவிட்டது.