எக்ஸ்போர்ட்டா, லோக்கலா: திருப்பூரில் 30 மெஷின்காரரின் கணக்கு

திருப்பூரில் 30 மெஷின் வைத்து பனியன் கம்பெனி நடத்துகிறவரிடம் "எக்ஸ்போர்ட் நல்லதா, லோக்கல் நல்லதா?" என்று கேட்டால் முன்பெல்லாம் சிரிப்பார். ஆர்டர் கிடைத்தவர் எக்ஸ்போர்ட், கிடைக்காதவர் லோக்கல், அவ்வளவுதான். 2025 ஆகஸ்டுக்கு அப்புறம் யாரும் அந்தக் கேள்விக்குச் சிரிக்கவில்லை.

அந்த மாதம் 7-ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. 27-ஆம் தேதி இன்னொரு 25. பருத்தி டி-சர்ட்டுக்கு அங்கே ஏற்கெனவே 16.5 சதவீத வரி உண்டு. 4 டாலர் பீஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய வரி 66 சென்ட். 27-ஆம் தேதிக்குப் பிறகு 2 டாலர் 66 சென்ட். அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதமாகத்தான் இருந்தது என்பதால், அங்கிருந்து போன அதே பீஸுக்கு 1 டாலர் 46 சென்ட். சட்டப்படி வரி கட்ட வேண்டியவர் இறக்குமதி செய்கிறவர். ஆனால் பையரிடமிருந்து, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு கம்பெனியிடமிருந்து, மெயில் வந்தது: ஏறியதில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பாதி என்றால் பீஸுக்கு 1 டாலர். பீஸுக்கு 15, 20 ரூபாய் லாபம் நின்றாலே நல்ல ஆர்டர் என்று சந்தோஷப்படுகிறவர் அந்த 1 டாலருக்கு எங்கே போவார்?

திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான். ஐரோப்பாவும் பிரிட்டனும் இருக்கின்றனவே என்று உடனே சொல்வார்கள். இருக்கின்றன. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்தில் நம் ஆடைகளுக்கு வரி பூஜ்யம் என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் 30 மெஷின்காரர் புதிய பையரைப் பிடிப்பதற்குள் சாம்பிள், ஆடிட், சர்டிபிகேட் என்று ஒரு சீசன் போய்விடும்.

சரி, லோக்கலுக்கு வருவோம். நம் ஊரில் லோக்கல் என்றால் கொல்கத்தா, டெல்லி, மும்பை எல்லாம் சேர்த்துத்தான். 80, 85, 90 என்று சைஸ் போட்டு டஜன் டஜனாகப் பெட்டி கட்டினால் போதும். கால் இஞ்ச் கூடக் குறைந்தால் லாட்டையே திருப்பி அனுப்பும் இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது. உடைந்த ஊசி முனை துணிக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு பீஸையும் மெஷினில் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. கேட்க சுகமாகத்தான் இருக்கிறது.

வலி பணத்தில் இருக்கிறது. தீபாவளிச் சரக்கை ஆவணியில் லாரி ஏற்றினால், காசு பொங்கலுக்கு வந்தால் அதிர்ஷ்டம். இதற்கிடையே பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். வசூல் ஆகாத பில்லுக்கு கைக்காசு போட்டு வரி கட்டுவது லோக்கல்காரருக்கு மாதச் சடங்கு. சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தராவிட்டால் வாங்கியவர் வருமான வரியில் அதை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரலில் விதி வந்தது. நல்ல விதிதான். அதை வடக்கத்தி வியாபாரியிடம் எடுத்துச் சொன்னவருக்கு அடுத்த சீசன் ஆர்டர் வருமா என்பது வேறு கதை. போதாததற்கு, விற்காத பெட்டிகள் சீசன் முடிந்ததும் வந்த லாரியிலேயே திரும்பி வரும்.

எக்ஸ்போர்ட்டிலும் கடன் உண்டு. ஆனால் தேதி போட்ட கடன். பேங்க் வழியாகப் பேப்பர் போகிறது, எந்த நாளில் பணம் விழும் என்று எழுத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால், லாபத்தைவிட இந்தத் தேதிதான் எக்ஸ்போர்ட்டின் உண்மையான கவர்ச்சி.

நூல் விலை ஏறினால் இரண்டு பேருக்கும் ஒரே அடிதான். 2022 மே மாதம் இரண்டு நாள் ஊரையே மூடிப் போராடியபோது இரு தரப்பும் ஒன்றாகத்தான் நின்றது.

இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ரத்தான எக்ஸ்போர்ட் சரக்கு எங்கே போகிறது? திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டைக்கு. லேபிளைப் பாதியாக வெட்டி, கிலோக் கணக்கிலோ பீஸ் கணக்கிலோ கிடைத்த விலைக்குத் தள்ளுவார்கள். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 180 கிராம்) துணி, சுத்தமான தையல். அதற்குப் பக்கத்தில் லோக்கல்காரர் தன் டி-சர்ட்டை என்ன விலைக்கு வைப்பார்? அமெரிக்கா பக்கமே போகாதவர் தலையிலும் அந்த வரி இப்படி வந்து இறங்கியது. "எக்ஸ்போர்ட் போனால் லோக்கல் இருக்கிறது" என்கிற ஆறுதலை நான் முழுசாக நம்பாததற்கு இதுதான் காரணம்.

மெஷினில் உட்காருகிறவர் பக்கம் கணக்கே வேறு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் பையர் ஆடிட்டுக்குப் பயந்தாவது பிஎஃப், இஎஸ்ஐ, குழந்தைகள் காப்பகம், சுத்தமான கழிப்பறை இருக்கும். லோக்கலில் பீஸ் ரேட், அதாவது தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி, சனிக்கிழமை சம்பளம். 20 பேர் இருந்தாலே பிஎஃப் கட்டாயம் என்பதால் பதிவேட்டில் 19 பேரோடு நிற்கும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஆர்டர் குறைந்தால் எக்ஸ்போர்ட்டில் முதலில் போவது அரை ஷிஃப்ட். திருப்பூரில் பலருக்கு ஒன்றரை ஷிஃப்ட்தான் சம்பளம். ஒரு ஷிஃப்ட் சோத்துக்கு, அரை ஷிஃப்ட் வாடகைக்கும் சீட்டுக்கும். எங்கள் தெருவில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் அக்கா ஒருவர் வரி ஏறிய சமயத்தில் லோக்கல் கம்பெனிக்கு மாறினார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பீஸ் இருந்தா காசுங்க தம்பி. காலைல போய் கட்டிங் வரலைனு மத்தியானம் வரைக்கும் சும்மா உக்காந்தா அதுக்கு யாரு குடுப்பாங்க?" என்றார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு இந்த மாற்றம்கூட லேசில்லை. பலருக்குத் தங்குமிடமே கம்பெனி ஹாஸ்டல்தான்; வேலை போனால் அன்றைக்கே படுக்கையும் போகிறது.

மூன்றாவது வழியாக ஜாப் ஒர்க் இருக்கிறது. துணியும் நூலும் அடுத்தவருடையது, தையல் கூலி மட்டும் நமக்கு. முதலீடு குறைவு, விலை பேசும் உரிமையும் குறைவு. வேறு வழியில்லாதவர் எடுக்கட்டும்.

30 மெஷின்காரர் இன்று என்னிடம் கேட்டால், 20 மெஷினை எக்ஸ்போர்ட்டில் விடச் சொல்வேன், ஒரே நாட்டுக்கு மட்டும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு. மீதி 10-ஐ லோக்கலில், கடன் கேட்காத இரண்டு கடைக்கு மட்டும் ஓட்டலாம். அந்த இரண்டு கடையைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு வருஷம் ஆகும்.