மொசின் பி.யு., நம்பர் 4 (டி), எம்1903ஏ4: காட்சி மாதிரிக்கு எது தோது?

இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்னைப்பர் துப்பாக்கிக்கு நகல் செய்ய இறங்குபவர்கள் முதலில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். வேலை முழுக்க அந்த "அப்புறத்தில்தான்" இருக்கிறது. மரக்கட்டை, குழல், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தண்டு) எல்லாம் சாதாரணப் படைவீரனின் துப்பாக்கியில் இருந்தவையே. ஸ்கோப்பைத் தாங்கும் இரும்புதான் அதை ஸ்னைப்பர் ஆக்கியது. அதனால் சோவியத் மொசின், பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 (டி), அமெரிக்க எம்1903ஏ4 என்ற மூன்றின் இந்த ஒப்பீடு, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு இணைக்கும் தாங்கியில் தொடங்குகிறது.

இங்கே பேசுவது சுடாத மாதிரியை மட்டும். முறைப்படி செயலிழக்கச் செய்து சான்று பெற்ற துப்பாக்கியோ, மரம், ரெசின், உலோகத்தில் செய்த உருவமோ அடிப்படையாக இருக்கலாம். இரண்டுக்கும் நாட்டுக்கு நாடு விதி வேறு. பார்வைக்கு அசல் போல இருக்கும் பொம்மைக்கும் சில இடங்களில் கட்டுப்பாடு உண்டு. உதிரி வாங்குவதற்கு முன்பே அதை விசாரித்துவிடுவது நல்லது.

மொசின் 91/30, பி.யு. ஸ்கோப்

மொத்த நீளம் 1232 மி.மீ., குழல் 730 மி.மீ. மூன்றிலும் நீளமானது இதுதான். சுவரில் மாட்டினால் முதலில் கண்ணில் படுவதும் இந்த நீளம். பி.யு. ஸ்கோப் 3.5 மடங்கு பெருக்கும், சுமார் 17 செ.மீ. நீளம். முதலில் எஸ்.வி.டி.-40 தானியங்கித் துப்பாக்கிக்காக வந்து, 1942 முதல் மொசினுக்கு மாறியது.

தாங்கி இரண்டு துண்டு. அடித்தகடு ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோக உடல்) இடப்பக்கத்தில் இரண்டு பெரிய திருகுகளால் உட்காரும்; அந்தத் திருகுகள் தளராமல் இருக்கச் சிறிய பூட்டுத் திருகுகள் தனி. மேல்துண்டு முன்னே ஒரு உருண்டை முனையில் தொற்றிக்கொள்ளும். பின்னே மேலும் கீழுமாக எதிரெதிரே இரண்டு திருகுகள் அதன் நாக்கைப் பிடிக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் ஸ்கோப் மேலோ கீழோ சாயும். நகல் செய்பவருக்கு இது பெரிய வரம். அடித்தகடு அரை மி.மீ. மேலே கீழே உட்கார்ந்துவிட்டாலும் இந்தத் திருகுகளில் சரிசெய்துவிடலாம். இடம் வலமாகத் தவறினால்தான் தலைவலி. தகடுக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தாள் செருகித் தீர்க்க வேண்டியிருக்கும்.

பலர் சறுக்குவது ரிசீவரில். தகட்டின் உட்புற வளைவு உருண்டை ரிசீவருக்காகச் செய்தது. 1930களின் நடுப்பகுதிக்கு முந்தைய அறுகோண ரிசீவரில் வைத்தால் ஓரம் மட்டும் தொடும், நடுவில் வெளிச்சம் தெரியும். ஆண்டு முத்திரையும் பொருந்தியாக வேண்டும்: இஷெவ்ஸ்க் என்றால் 1942 முதல், முக்கோணத்துக்குள் அம்பு, தூலா என்றால் 1943, 1944, நட்சத்திரத்துக்குள் அம்பு. 1938 முத்திரையோடு பி.யு. தகடு இருந்தால், தெரிந்தவர் அரை நொடியில் சிரித்துவிடுவார்.

போல்ட் கைப்பிடி நீளமாக, கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். சாதாரண நேர்க்கைப்பிடியை அப்படியே சூடாக்கி மடக்கினால் நீளம் போதாது, குட்டையாகத் தெரியும். வெட்டி, நீளமான துண்டைப் பற்றவைத்து, இணைப்பை அரத்தால் மறைப்பதுதான் வழி. கட்டையின் இடப்பக்கத்தில் தகடு இறங்கும் அளவுக்கு மரத்தைக் குடைய வேண்டும். விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்துத் தகட்டில் தடவி, கட்டையில் அழுத்தி எடுங்கள். கறை பட்ட இடத்தை மட்டும் சீவுங்கள். ஒரே மூச்சில் வெட்டினால் தகட்டைச் சுற்றி இரண்டு மி.மீ. இடைவெளி வாய் பிளக்கும். அதை அரக்கு எவ்வளவு பூசினாலும் மறைக்காது.

நம்பர் 4 மார்க் 1 (டி)

பிரிட்டிஷ் பிரிவில் அழகு அதிகம், வேலையும் அதிகம். ஹாலந்து அண்ட் ஹாலந்து நிறுவனம் 1942 முதல் போர் முடியும்வரை 23,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மாற்றியது. நம்பர் 32 ஸ்கோப் முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக உருவானது. அதனால்தான் துப்பாக்கியை மீறிய கனத்தோடு, ஏதோ பாலத்தின் பாகம்போல இருக்கிறது.

இங்கே ரிசீவரின் இடப்பக்கத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு திண்டுகள். வார்ப்பிரும்புத் தாங்கி அவற்றின் மேல் இரண்டு பெரிய கைத்திருகுகளால் பூட்டிக்கொள்ளும். திண்டுகள் திருகுகளோடு ஈயப்பற்றும் சேர்த்து இறுக்கப்பட்டவை. அசல் துப்பாக்கிகளிலேயே முன் திண்டு தளர்வது தெரிந்த குறை. நகலில் அது இரட்டிப்பாகும்.

மொசினில் இருந்த மன்னிப்பு இங்கே இல்லை. இரண்டு திண்டுகளையும் தனித்தனியாக அளந்து ஒட்டினால் கடைசியில் தாங்கி ஒன்றில் உட்காரும், மற்றதில் முறுக்கும். கைத்திருகை வலிந்து இறுக்கினால் தாங்கி வளைந்து ஸ்கோப் குழாயை நெரிக்கும். ஆகவே திண்டுகளை முதலில் தாங்கியிலேயே பூட்டுங்கள். ஸ்கோப்புக்குப் பதிலாக அதே விட்டமுள்ள நேரான எஃகுத் தண்டு ஒன்றை வளையங்களில் வையுங்கள். முழுத் தொகுப்பையும் ரிசீவரோடு பிடிப்பான்களால் இறுக்கி, தண்டு குழலுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பற்ற வையுங்கள். குழலின் மேல்பரப்பிலிருந்து அளக்காதீர்கள். முனை நோக்கி மெலிவதால் அது ஏமாற்றும். இருபக்கமும் அளந்து நடுக்கோடு கண்டுபிடியுங்கள்.

எஃகு ரிசீவரில் 60/40 தகர ஈயம் போதும். 190 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். இரண்டு பரப்பிலும் முன்கூட்டியே மெல்லிய ஈயப்பூச்சு ஏற்றுங்கள். ஈயம் பரவக்கூடாத இடத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் அங்கே ஒட்டாது. முடிந்ததும் ஃப்ளக்ஸை (ஈயம் ஒட்ட உதவும் பசை) சோடா கலந்த வெந்நீரில் கழுவாவிட்டால் ஒரு மாதத்தில் திண்டைச் சுற்றிச் செம்மண் கோடு போல் துரு வரும். ரெசின் உருவத்தில் இதெல்லாம் கிடையாது. எபாக்ஸியும் ஊடே செல்லும் திருகுமே கதி.

சின்னச் சின்ன அடையாளங்களில் (டி) பணக்காரத் துப்பாக்கி. கட்டையில் இரண்டு திருகுகளால் பொருத்திய மரக் கன்னத்தாங்கி; விசைக்காப்பின் முன்புறம் கூடுதல் வார் வளையம்; பின்பார்வையில் (குறிபார்க்கும் பின் உறுப்பு) போர்த்துளை எனும் பெரிய பார்வைத்துளை அறுத்தெடுக்கப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் ஸ்கோப் இடிக்கும். கட்டை பொருந்தும் இடத்தில் 'டிஆர்', ரிசீவர் இடப்பக்கம் 'டி', கட்டையின் அடியில் ஹாலந்து நிறுவனக் குறியான 'எஸ்51'. கட்டைக் கழுத்தின் மேல் ஸ்கோப்பின் எண், தாங்கியில் துப்பாக்கியின் எண். இந்த இரண்டும் ஒன்றையொன்று சுட்டுவதுதான் அசலின் அழகு. நகலிலும் அப்படியே செய்யலாம், ஆனால் கற்பனை எண்ணைப் போடுங்கள். ஏதோ அருங்காட்சியகத் துப்பாக்கியின் எண்ணைத் திருடிப் போட்டால், பிற்காலத்தில் யாரோ ஒருவர் அதை அசலென்று வாங்கி ஏமாறுவார்.

எம்1903ஏ4

பொருத்துவதற்கு மூன்றிலும் சுலபமானது. ரெமிங்டன் 1943, 1944இல் சுமார் 28,000 செய்தது. ரெட்ஃபீல்ட் ஜூனியர் அடித்தகடு ஒரே துண்டு, ரிசீவரின் மேல் முன்னும் பின்னும் திருகு. முன்வளையம் தகட்டுக் குழியில் செருகி 90 டிகிரி சுழன்று பூட்டும். பின்வளையத்தை எதிரெதிர்த் திருகுகள் பிடிக்கும். ஸ்கோப் வீவர் 330சி, பெருக்கம் 2.5 மடங்கை ஒட்டியது, குழாய் விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. இன்றைய ஒரு அங்குல ஸ்கோப் இந்த வளையத்தில் நுழையாது. பெரிய வளையம் வாங்கிப் போட்டால் தோற்றமே கெடும்.

ஸ்கோப்பையே நெம்புகோலாகப் பிடித்து முன்வளையத்தைச் சுழற்றுவது வழக்கமான கொலைக்குற்றம். மெல்லிய குழாய் அங்கேயே மடங்கும். 19 மி.மீ. மரத்தண்டை வளையத்தில் இறுக்கிச் சுழற்றிப் பூட்டிவிட்டு, பிறகு தண்டை எடுத்து ஸ்கோப்பை வையுங்கள்.

இதில் சிக்கல் எழுத்துகளில். ரிசீவரில் '03-ஏ4' என்று எங்கும் எழுதியிருக்காது, '03-ஏ3' என்றே இருக்கும். தகடு மறைக்காதபடி பெயரை இடப்பக்கத்துக்கும் எண்ணை வலப்பக்கத்துக்கும் ஒதுக்கியிருப்பார்கள். ஸ்கோப் இல்லாத சாதாரண வடிவமான ஏ3இன் ரிசீவரில் தகடு மாட்டினால் எழுத்துகள் தகட்டுக்கு அடியில் புதைந்துவிடும். அதைப் பார்த்தே நகல் என்று சொல்லிவிடலாம். முன்பார்வை இருக்கவே கூடாது. போல்ட் கைப்பிடி வளைந்து, உள்பக்கம் சற்றுக் குடைந்திருக்கும்.

ஜெர்மானிய கே98கே ஏன் இல்லை என்றால், அதற்கு ஒரே வடிவம் கிடையாது. உயர்ந்த கோபுரத் தாங்கி, தாழ்ந்த கோபுரம், நீளப் பக்கத்தண்டு, குட்டைப் பக்கத்தண்டு, அதற்கும் மேல் பின்பார்வையில் தொற்றும் 1.5 மடங்கு இசட்.எஃப்.41. ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலைக் குறியும் ஆண்டும் ஒத்துவர வேண்டும். முதல் மாதிரிக்கு அது வேண்டாத வம்பு.

மரமும் பூச்சும்

மொசினுக்குப் பெரும்பாலும் பிர்ச் மரம். போருக்குப் பின் பழுது பார்த்த துப்பாக்கிகளில் காணும் செம்பழுப்பு அரக்குத் தோற்றம் வேண்டுமானால், லிட்டர் ஆல்கஹாலுக்குச் சுமார் 240 கிராம் அரக்குச் செதில். நான்கு ஐந்து மெல்லிய பூச்சு. ஈரக்காற்றில் பூசினால் வெண்மையாகப் பனி படர்ந்தது போலாகும், ஆல்கஹால் தண்ணீரை இழுக்கும் என்பதே காரணம்.

மற்ற இரண்டுக்கும் ஆளிவிதை எண்ணெய். (டி)க்கு பீச், வால்நட், பிர்ச் எதுவும் தகும், ஏ4க்கு வால்நட் மட்டும். எண்ணெயைக் கால் மணி நேரத்தில் துடைக்காமல் விட்டால் பிசினாக ஒட்டும். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள். மூன்றிலும் கட்டைக் கழுத்தில் மரரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மாதிரி சாய்ந்து விழும் அன்றே கழுத்து முறியும்.

உலோகத்தில் ஏ4க்குச் சாம்பல் பச்சை பார்க்கரைஸ் (பாஸ்பேட்) பூச்சு, மொசினுக்குக் கருநீலம்.

முதல் முயற்சிக்கு மொசின். திருகுகளே பிழை திருத்தித் தருகின்றன. ஆனால் ஸ்கோப்பில் குறிபார்க்கும் கோடு காட்சியின் நடுவில் நிற்காமல் திருகியதற்கேற்ப நகரும், அது பழுதல்ல என்று தெரிந்துகொண்டால் போதும். எழுத்து முத்திரையில் பொறுமை உள்ளவருக்கு ஏ4. (டி)யை மூன்றாவது மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதைச் செய்தாலும் துளை அடைத்த பழைய மொசின் ரிசீவரைத் தொடாதீர்கள். போருக்குப் பின் ஸ்கோப்பைக் கழற்றி, துளைகளை மூடி, சாதாரணத் துப்பாக்கியாகத் திரும்பக் கொடுத்தவை அவை. மூடிய தடம்தான் அதன் சாட்சி. உங்கள் நகலில், கட்டையின் பின்தகட்டைக் கழற்றி உள்ளே மரத்தில் "நகல்" என்றும் ஆண்டையும் சூட்டுக்கோலால் எழுதிவிட்டு, தகட்டைத் திரும்ப மாட்டுங்கள்.