ரோபோ கேப்ச்சர் த ஃப்ளாக் போட்டி நடத்தணுமா? ஈஎஸ்பி32 போர்டு ரிவ்யூ

எங்க காலேஜ்ல ஸ்கூல் பசங்களுக்கு ரோபோ கேப்ச்சர் த ஃப்ளாக் போட்டி நடத்தினோம். எல்லா டீமுக்கும் ஒரே போர்டுன்னு முடிவு பண்ணி 30 பின் ஈஎஸ்பி32 டெவ்கிட் (வைஃபை, ப்ளூடூத் ரெண்டும் உள்ளயே இருக்கற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு) வாங்கிக் கொடுத்தோம், அதைப் பத்தின ரிவ்யூதான் இது. போட்டி நடத்துறவங்க கண்ணோட்டத்துல எழுதறேன், ஏன்னா ஒரு ரோபோ தனியா வீட்ல ஓடறது வேற, ஒரே ஹால்ல ஒரே நேரத்துல பத்து ரோபோ ஓடறது முழுக்க வேற.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு: ரெண்டு டீம், ரெண்டு பேஸ், எதிர் டீம் பேஸ்ல இருக்கற கொடிய தூக்கிட்டு நம்ம பேஸுக்கு வந்துட்டா பாயின்ட். கொடியோட ஓடும்போது எதிராளி ரோபோ வந்து தொட்டுட்டா நீங்க கொஞ்ச நேரம் ஃப்ரீஸ். இந்த ஃப்ரீஸ்லதான் எல்லா போட்டிலயும் சண்டை வரும். "தொட்டுட்டான் சார்", "இல்ல சார் நான் அதுக்குள்ள வந்துட்டேன் சார்", அதுக்குள்ள ரோபோ ரெண்டடி நகர்ந்துடும்.

பொதுவா பசங்க ஆர்டுயினோ ஊனோ போர்டோட ஹெச்சி-05 ப்ளூடூத் மாட்யூல் வச்சு போன்ல இருந்து ஓட்டுவாங்க. ஒத்த ரோபோவுக்கு அது போதும், குறையே சொல்ல மாட்டேன். ஆனா போட்டில எல்லா மாட்யூலும் போன்ல ஹெச்சி-05ன்னே ஒரே பேர்ல தெரியும், பேரிங் பாஸ்வேர்டும் எல்லாத்துக்கும் 1234, ஏடி கமாண்ட் (மாட்யூல் செட்டிங்க மாத்தற கமாண்ட்) போட்டு ஒவ்வொண்ணா பேர் மாத்தாம விட்டா எவன் ரோபோவ எவன் ஓட்டறான்னே தெரியாது. இதுல ஐபோன் வச்சிருக்கற பையன் ஹெச்சி-05ஓட கனெக்ட்டே பண்ண முடியாம முழிப்பான், அது பழைய கிளாசிக் ப்ளூடூத், ஐபோன் ஆப் அதோட பேசாது.

ஈஎஸ்பி32ல எனக்கு ரொம்ப புடிச்சது ஈஎஸ்பி-நவ், அதாவது ஈஎஸ்பி போர்டுங்க ஒண்ணோட ஒண்ணு வயர்லெஸ்ஸா பேசிக்கற முறை. ரவுட்டர் வேண்டாம், பேரிங் வேண்டாம், போனே வேண்டாம். ஒரு போர்டு ரோபோல, இன்னொரு போர்டு ஜாய்ஸ்டிக்கோட பையன் கையில, ரெண்டும் மேக் அட்ரஸ் (ஒவ்வொரு போர்டுக்கும் இருக்கற தனி அடையாள நம்பர்) வச்சு நேரா பேசிக்கும். ஒரு பாக்கெட்டுல 250 பைட் வரைக்கும் தாராளமா அனுப்பலாம், ஜாய்ஸ்டிக்குக்கு அதுல கால்வாசி கூட வேணாம். ரெஃப்ரி கையிலயும் ஒரு ஈஎஸ்பி32 பட்டனோட கொடுத்துட்டோம், அவர் அமுக்கினா பிராட்காஸ்ட்ல, அதாவது எல்லா போர்டுக்கும் ஒரே நேரத்துல, மெசேஜ் போயி அந்த நம்பர் ரோபோ அப்பவே நிக்கும், நேரம் முடிஞ்சதும் தானா உயிர் வரும். சண்டை அங்கயே முடிஞ்சுது! இதுக்காகவே எல்லா டீமும் நாங்க கொடுத்த கோட் மேல அவங்க கோட எழுதணும்னு ரூல் வச்சோம். பிராட்காஸ்ட்டுக்கு அக்னாலெட்ஜ்மென்ட் (வந்து சேந்துச்சுங்கற பதில்) கிடையாது, அதனால ஸ்டாப் மெசேஜ ஒரு தடவை அனுப்பிட்டு விடாதீங்க, திரும்பத் திரும்ப அனுப்புங்க. அரை செகண்ட் சிக்னல் வரலைன்னா மோட்டார் நிக்கணும்னு கோட்லயே போட்டுடுங்க. எல்லா போர்டும் ஒரே வைஃபை சேனல்ல இருக்கணும், அது முக்கியம்.

இப்ப குறை. மோட்டார் கரன்ட்ட இழுக்கும்போது வோல்டேஜ் இறங்கினா போர்டு ரீசெட் ஆயிடும். கொடிகிட்ட ரெண்டு ரோபோ முட்டிக்கிட்டு சக்கரம் சுத்தாம உறுமுதுன்னு வைங்க, அந்த நொடில மோட்டார் இழுக்கற கரன்ட் எக்கச்சக்கம், போர்டுல இருக்கற சின்ன எல்இடி ஒரு தடவை அணைஞ்சு எரியும், ரோபோ செத்த மாதிரி நிக்கும், பையன் ஜாய்ஸ்டிக்க முன்னாடி தள்ளிக்கிட்டே இருப்பான். கம்ப்யூட்டர்ல சீரியல் மானிட்டர்ல (போர்டு அனுப்பற மெசேஜ காட்டற விண்டோ) பாத்தா "பிரவுனவுட் டிடெக்டர் வாஸ் ட்ரிகர்ட்"னு இருக்கும், வோல்டேஜ் இறங்கிடுச்சுன்னு அர்த்தம். போர்டு கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடாதீங்க. மோட்டாருக்கு தனி பேட்டரி, இல்லன்னா 18650 லித்தியம் பேட்டரி ரெண்ட சீரிஸ்ல போட்டு போர்டுக்கு தனியா பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜ குறைச்சுக் கொடுக்கற சர்க்யூட்) வச்சு 5 வோல்ட் கொடுங்க, கிரவுண்ட மட்டும் காமனா ஜாயின் பண்ணுங்க. மோட்டார ஓட்டற டிரைவர் போர்டும் எல்298என்னுக்கு பதிலா டிபி6612 போட்டா நல்லது, எல்298 உள்ளயே கிட்டத்தட்ட 2 வோல்ட்ட தின்னுடும், 7.4 வோல்ட் பேட்டரில அது ரொம்ப பெரிய நஷ்டம். டிபி6612ல எஸ்டிபிஒய் (ஸ்டாண்ட்பை) பின்ன மட்டும் ஹை பண்ண மறக்காதீங்க.

பின் விஷயமும் பசங்கள படுத்தி எடுத்துடும். ஜாய்ஸ்டிக்க 32ல இருந்து 39 வரைக்கும் (இது சிப்போட ஜிபிஐஓ நம்பர், போர்டுல எண்ணிப் பாக்கற நம்பர் இல்ல) இருக்கற ஏடிசி1 பின்லயே போடணும், ஏடிசின்னா வோல்டேஜ நம்பரா மாத்தறது, ஏடிசி2 வைஃபை ஆன்ல இருக்கும்போது ஒழுங்கா வேலை செய்யாது, ஈஎஸ்பி-நவ்வும் வைஃபை ரேடியோலதான் ஓடுது. 34, 35, 36, 39 எல்லாம் இன்புட் மட்டும், அங்க மோட்டார் டிரைவர் ஒயர சொருகினா ஒண்ணும் நடக்காது. ஜிபிஐஓ 12 பின் போர்டு ஆன் ஆகும்போது ஹைல இருந்தா போர்டு பூட்டே ஆகாது. பின் சார்ட் ஒண்ண பிரின்ட் எடுத்து ஒவ்வொரு டேபிள்லயும் ஒட்டிடுங்க.

இன்னொண்ணு, ஆர்டுயினோ சாஃப்ட்வேர்ல போடற ஈஎஸ்பி32 கோர் (போர்டு பேக்கேஜ்) 3.0 வந்ததுக்கப்புறம் மோட்டார் வேகத்த மாத்தற பிடபிள்யூஎம் ஃபங்ஷன் மாறிடுச்சு, மெசேஜ் வந்ததும் ஓடற ஈஎஸ்பி-நவ் ரிசீவ் கால்பேக்கும் மாறிடுச்சு, யூட்யூப்ல இருக்கற பழைய கோட அப்படியே போட்டா கம்பைலே ஆகாது. போட்டி அறிவிப்புலயே எந்த வெர்ஷன்னு எழுதிடுங்க, பாவம் பசங்க ராத்திரி முழுக்க முடிய பிச்சிப்பாங்க.

விலை 400 ரூபாய் பக்கம் இருக்கும், கடைக்கு கடை மாறும். ஒரு டீமுக்கு ரெண்டு போர்டு வேணுமேன்னு பட்ஜெட் போடும்போது பக்குன்னு இருக்கும், ஆனா ஊனோவும் ஹெச்சி-05ம் சேர்த்து வாங்கறதோட கணக்கு பாருங்க, பெருசா வித்தியாசம் வராது. வேகத்துல ஊனோ 16 மெகாஹெர்ட்ஸ், இது 240, ரெண்டு கோர் வேற. நான் அஞ்சுக்கு நாலரை ஸ்டார் கொடுப்பேன், அரை ஸ்டார் குறைச்சது பவர் தொல்லைக்கு.

சென்னைல இருக்கறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல நேர்ல போயே வாங்குங்க, மொத்தமா கேட்டா கொறைச்சும் தருவாங்க. யூஎஸ்பி சிப் சிபி2102ஆ சிஹெச்340ஆன்னு பாத்து எல்லாத்தையும் ஒரே மாதிரி எடுங்க, லேப் கம்ப்யூட்டர்ல ஒரே டிரைவர் சாஃப்ட்வேர் போட்டா போதும். கேபிளையும் கையோட டெஸ்ட் பண்ணி வாங்குங்க, சார்ஜ் மட்டும் ஏறற கேபிள மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர்ல காம் போர்ட்டே காட்டலைன்னு தேடறதுலயே போட்டி நாள் காலைல பாதி நேரம் போயிடும்.