தமிழ்ப் பட்டியலைத் திரையில் காட்ட எது சரி: டெக்ஸ்ட் பெட்டியா, ட்ரீவியூவா, க்யூடி டேபிளா?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் ஒரு வியாபாரியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். தேதி, படகு, மீன், கிலோ, விலை, தொகை என்று ஆறு நெடுவரிசைகள். அன்றாடம் கொஞ்சம் வரிகள்தான். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு போகாத அந்த நாட்களில் வருஷக் கணக்கு மொத்தத்தையும் திறந்தால், ஆயிரக்கணக்கான வரிகள் ஒரே ஜன்னலில் வந்து நிற்கும். இதற்குப் பைத்தானில் டெஸ்க்டாப் நிரல் எழுத நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, பைத்தானில் ஜன்னல், பொத்தான் வரைய உதவும் டிகின்டர் தொகுதியின் டெக்ஸ்ட் பெட்டியில் இடைவெளி நிரப்பி அடுக்குவது. ஆங்கிலத்துக்கு இது ஓடும், தமிழுக்கு ஓடாது. 'வஞ்சிரம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைத்தான் எண்ணினால் எட்டு, ஏனென்றால் மெய்யின் புள்ளியையும் 'சி'யின் விசிறியையும் அது தனித்தனிக் குறியாக எண்ணுகிறது. 'சுறா' இரண்டு எழுத்து, பைத்தானுக்கு நான்கு. 12 இடம் ஒதுக்கி நிரப்பச் சொன்னால், முதல் பெயருக்குப் பின்னால் நான்கு இடைவெளியும் இரண்டாவதற்குப் பின்னால் எட்டும் விழும். சி மொழியில் இன்னும் மோசம்: அது பைட்டை எண்ணும், யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் வஞ்சிரம் 24 பைட். சரி, எழுத்தைச் சரியாக எண்ணிவிட்டால் போதுமா? போதாது. 'ணை'யும் 'ர'வும் ஒரே அகலமா என்ன? ஆக, இடைவெளியை எண்ணி நெடுவரிசை கட்டுவதை விட்டுவிடுங்கள். டெக்ஸ்ட் பெட்டிதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு நெடுவரிசையும் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் டேப் நிறுத்தங்களை வையுங்கள். தொகைக்கு 'நியூமெரிக்' டேப் வைத்தால் தசமப் புள்ளி ஒரே கோட்டில் நிற்கும். ஒரு நாள் கணக்கைப் படிக்க மட்டும் காட்ட அது தாராளமாகப் போதும்.

இரண்டாவது வழி, டிகின்டரிலேயே உள்ள ட்ரீவியூ என்ற பட்டியல் விட்ஜெட் (திரை உறுப்பு). நெடுவரிசையை அதுவே பார்த்துக்கொள்கிறது. தலைப்பை இழுத்து அகலம் மாற்றலாம், விண்டோஸில் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, லினக்ஸ் சிலவற்றில் மட்டும் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். ஆனால் டிகின்டருக்கு அடியில் ஓடும் டிகே-யின் 8.6 பதிப்பில் வரி உயரம் 20 பிக்சல் என்று நிலையாக இருக்கும். தமிழ் எழுத்துருவைக் கொஞ்சம் பெரிதாக்கினால் 'ழு', 'கூ' இவற்றின் அடிப்பாகம் வெட்டுப்படும், ஸ்டைலில் உயரத்தைக் கூட்டியாக வேண்டும். கட்டத்துக்குள்ளேயே திருத்தும் வசதி கிடையாது, வரிசைப்படுத்தலையும் நாமே எழுத வேண்டும். இதையெல்லாம் சமாளித்துவிடலாம். லினக்ஸில்தான் பெரிய இடி: அங்கே டிகே 8.6 தமிழைக் கோத்துக் காட்டாது. 'நெத்திலி'யின் ஒற்றைக்கொம்பு ந-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அப்படிப்பட்ட திரையை எந்த வியாபாரியிடமும் கொடுக்கக் கூடாது.

டிகின்டருக்கு மாற்றான க்யூடி என்ற திரை நூலகம், எழுத்தைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற நிரலைப் பயன்படுத்துவதால் அந்தத் தொல்லை இல்லை. அதிலும் இரண்டு வழி. டேபிள்விட்ஜெட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொருளை உருவாக்கிப் போட வேண்டும். 50,000 வரிக்கு ஆறு நெடுவரிசை என்றால் 3,00,000 பொருள்கள். வரிசைப்படுத்தலை முதலிலேயே இயக்கிவிட்டு நிரப்பினால், நிரப்பும்போதே வரி இடம் மாறிவிடும். படகின் பெயர் ஒரு வரியிலும் அதன் கிலோ வேறு வரியிலும் போய் விழும். நிரப்பி முடித்த பிறகே இயக்குங்கள். எண்களை எழுத்துச் சரமாகப் போடாதீர்கள், 100 கிலோ 20 கிலோவுக்கு மேலே ஏறிவிடும்.

இன்னொன்று டேபிள்வியூ. அதோடு சொந்த மாடல் (தரவைக் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் நிரல்) எழுதுவது ஆரம்பத்தில் வேலைதான். வரி எத்தனை, நெடுவரிசை எத்தனை, இந்தக் கட்டத்தில் என்ன என்று அது கேட்கும். நாம் பதில் சொல்ல வேண்டும். திரையில் 30 வரி தெரிந்தால் ஏறக்குறைய அந்த 180 கட்டங்களுக்குத்தான் கேட்கும், மீதி ஆயிரங்களைத் தொடாது. ஆனால் நெடுவரிசை அகலத்தை உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக மாற்றும்படி விட்டால் இந்த வேகம் குறையும். அகலத்தை நீங்களே வைத்துவிடுங்கள். வருஷக் கணக்குக்கு என் தேர்வு இதுதான், தயங்காமல் சொல்வேன்.

எதை எடுத்தாலும் அகரவரிசை தனி வேலை. யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் வெறும் குறியெண்ணை வைத்து மீன் பெயர்களை அடுக்கினால் பன்னா முன்னாலும் பறவைக்கோலா பின்னாலும் வரும். நம் அகராதியில் ற முந்தி, ன கடைசி. கணக்கைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் இயல்பான வரிசையும் இதே தப்பைத்தான் செய்யும். தமிழ் அகரவரிசைப்படி ஒப்பிடும் ஒரு சார்பை மாடலுக்கு மேலே வைத்தே ஆக வேண்டும். பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத பட்டியலால் யாருக்கு என்ன பயன்?

நிரலை விற்கப் போகிறவர்களுக்கு ஒன்று: பைத்தானில் க்யூடியைப் பயன்படுத்தப் பைக்யூடி, பைசைடு என்று இரண்டு தொகுதிகள் உண்டு. பைக்யூடி, மூல நிரலையும் திறக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் அல்லது காசுக்கு, பைசைடு அப்படிக் கட்டாயப்படுத்தாத எல்ஜிபிஎல்லில். மூல நிரலைத் திறக்க விரும்பாதவர்களுக்குப் பைசைடு வசதி. அப்புறம், டேபிள்வியூவில் பல கட்டங்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஒரே ஒரு கட்டம்தான் நகலாகும். கணக்கை எக்செலுக்குக் கொண்டுபோக வேண்டியவர்களுக்காக, டேப் பிரித்த வரிகளாக நகலெடுக்கும் துண்டு நிரலை நீங்களே சேர்த்துக்கொடுங்கள்.