லிப்போவா 18650 செல்லா, வேப்ல (இ-சிகரெட்ல) எது போடலாம்?

ஆர்சி கார், ட்ரோன்ல வர்ற லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) பேக்க வேப்ல மாட்டலாமான்னா, கரண்ட் கணக்குல லிப்போதான் கெத்து, 1300 எம்ஏஎச் 25சி-னா (கொள்ளளவப் போல 25 மடங்கு கரண்ட் தரும்னு அர்த்தம்) பேப்பர்ல 32.5 ஆம்ப் வருது, 0.2 ஓம் காயில் (வேப்ல சூடாகுற கம்பி) ஃபுல் சார்ஜ் 4.2 வோல்ட்ல இழுக்குறது 21 ஆம்ப், அதுக்கே 20 ஆம்ப் 18650 செல் (உருளை வடிவ லித்தியம் அயன் பேட்டரி) லிமிட்ட தாண்டிடும். ஆனா அந்த சி ரேட்டிங்க பல பேர் சும்மா அளந்து விடுறாங்க, அதவிட லிப்போவுக்கு மேல இருக்குறது வெறும் மெல்லிசான பை, வேப்புக்குள்ள ஒரு கூரான கம்பி முனை அழுத்தினாலே ஓட்டை, தீதான். உப்பிடுச்சுன்னா தொடவே தொடாதீங்க.

18650க்கு ஸ்டீல் டப்பா, பிரஷர் ஏறினா வெளியேத்த வென்ட்டும் இருக்கு. அதுக்காக சாதுன்னு நெனைக்காதீங்க, டப்பா முழுக்க நெகட்டிவ், பாசிட்டிவ் முனை ஓரத்துல ராப் (மேல சுத்தின பிளாஸ்டிக் உறை) துளி கிழிஞ்சு அங்க ஏதாவது உலோகம் பட்டா ஷார்ட். என் ஓட்டு 18650க்குத்தான், காயில மட்டும் 0.3 ஓமுக்கு கீழ இறக்காதீங்க.