முயல் குட்டி வாங்குபவர்கள் கவனத்துக்கு: பெயரில்லாத பையில் வரும் தீவனமும் கடைக்காரர் தரும் மருந்தும்

பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பிள்ளைகளுக்கு முயல் குட்டி வாங்கிக் கொடுக்கிற யோசனை இருந்தால் கட்டாயம் படியுங்கள். கேரள எல்லைச் செக்போஸ்ட் தாண்டி ஒரு செல்லப்பிராணிக் கடையில் நாங்கள் ஒரு ஜோடி வாங்கினோம். சொன்ன வயது பொய், சொன்ன ரகம் பொய், தீவனம் முயல் தீவனமே இல்லை, கடைசியில் கொடுத்த மருந்து முயலுக்குக் கொடுக்கவே கூடாத மருந்து. ஒரு குட்டி செத்துப்போய்விட்டது. இன்னொன்று பிழைத்திருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் எதைப் பார்த்து உஷாராக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

கடைக்காரர் நல்லபடியாகத்தான் பேசினார். "ட்வார்ஃப் ரகம் அக்கா. கைக்குள்ளயே இருக்கும், இதுக்கு மேல வளராது. ரெண்டு மாசம் முடிஞ்சாச்சு" என்றார். ஜோடி இரண்டாயிரம் ரூபாய். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் பழுப்பு நிறக் குச்சித் தீவனம், கிலோ 280. "இம்போர்ட்டட் பெல்லட். மூட்டையா வருது, நாங்க பிரிச்சுத் தர்றோம்." பையில் கம்பெனி பெயரும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் இல்லை. கிளம்பும்போது, "தண்ணி மட்டும் வெச்சுராதீங்க, முயலுக்குத் தண்ணி ஆகாது" என்றும் சொன்னார். எங்கள் அத்தை ஆடு மாடு வளர்த்தவர். அங்கேயே கேட்டுவிட்டார்: "வாயில்லா ஜீவனுக்குத் தண்ணி ஆகாதுன்னு எந்த ஊர்ல தம்பி சொல்றாங்க?" வீட்டுக்கு வந்ததும் மண் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தது அவர்தான். இரண்டும் ஓடி வந்து குடித்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீர் ஆகாது என்ற இந்தப் பேச்சு நம் ஊரில் நிறையப் பேரிடம் இருக்கிறது. முழுப் பொய். முயல் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 50 முதல் 150 மில்லி வரை தண்ணீர் குடிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அனலாக வீசுகிற மார்ச், ஏப்ரலில் இன்னும் அதிகம் கேட்கும். தண்ணீர் இல்லாவிட்டால் குடலில் இருப்பது காய்ந்து இறுகிப்போகும்.

மகள் ஒன்றுக்குப் பஞ்சு என்றும் இன்னொன்றுக்கு மிட்டு என்றும் பெயர் வைத்தாள். இரண்டும் அந்தக் குச்சித் தீவனத்தை ஆசையாகத்தான் தின்றன. கொஞ்ச நாளிலேயே மிட்டுவுக்குக் கழிச்சல் ஆரம்பித்தது. பின்பக்க முடியெல்லாம் ஒட்டிப்போய்விட்டது. கடைக்குப் போன் செய்தால், "இடம் மாறினதுல வர்றதுதான், வாங்க, மருந்து தர்றேன்" என்றார். வீட்டுக்காரர் போய் வாங்கி வந்தார். தூளில் தண்ணீர் கலந்து குலுக்கிய, குழந்தைகளுக்குக் கொடுக்கிற மாதிரியான சிரப். காலையில் அரை மில்லி, சாயங்காலம் அரை மில்லி என்று சொல்லி அனுப்பியிருந்தார். கொடுத்த பிறகு கழிச்சல் நிற்கவில்லை. தண்ணீராகவே போனது, நடுநடுவே கோழை மாதிரி ஜவ்வு. நாற்றம் கூடத்துக்கே வந்தது. மறுநாள் மிட்டுவால் தலையைத் தூக்க முடியவில்லை. ராத்திரி மகள் மடியில் துணி விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். விடியும் முன்பே போய்விட்டது.

பஞ்சுவுக்குக் கழிச்சல் இல்லை, அதனால் அந்த சிரப்பும் கொடுக்கவில்லை. ஆனால் அது சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போனால் பல்லைக் கறகறவென்று அரைக்கிற சத்தம். காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. தட்டில் கிடந்த புழுக்கை பாதி அளவுக்குச் சுருங்கி, கருத்து, ஒன்றோடொன்று முடியால் கோத்துக் கிடந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல முயல் நாள் முழுக்கத் தின்றுகொண்டும் புழுக்கை போட்டுக்கொண்டும் இருக்கும். புழுக்கை கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, நசுக்கினால் உலர்ந்த புல்தூளாக உதிர வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பாடும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிற விஷயம் இல்லை. குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

பொள்ளாச்சியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அத்தை சொன்னபடி தீவனப் பை, மருந்து பாட்டில், புழுக்கை மூன்றையும் எடுத்துப் போயிருந்தோம். அதுதான் உதவியது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தவர், "இதைக் கொடுத்தது யாருங்க?" என்று கேட்டார். அமாக்ஸிசிலின். மனிதக் குழந்தைகளுக்குச் சாதாரணமாக எழுதுகிற ஆன்டிபயாடிக்தான். முயலுக்கு அதை வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது என்றார். முயலின் பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய பை மாதிரி இருக்கிறது. புல்லைச் செரிக்கவைக்கிற நுண்ணுயிர்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. பென்சிலின் வகை, ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் போன்றவை வாய்வழியாகப் போனால் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அந்தக் காலி இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கும். மிட்டுவை அறுத்துப் பரிசோதிக்காமல் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளம் எல்லாம் அதற்குத்தான் பொருந்துகிறது என்றார்.

அடுத்தது தீவனம். அவர் ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் நாலு குச்சியைப் போட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே அது கரைந்து மஞ்சளாக மாவு பிரிந்தது. உடைந்த மக்காச்சோளம் கண்ணுக்கே தெரிந்தது. புல் என்று சொல்ல ஒரு நார்கூட இல்லை. டம்ளரைச் சாய்த்தபோது அடியில் வெள்ளையாக நறநறவென்று மணல் மாதிரி ஏதோ தங்கியிருந்தது. விரலில் எடுத்துக் காட்டினார்: சுண்ணாம்புக்கல் தூள். முட்டைக்கோழிக்கு ஓடு கெட்டியாக வர அதைச் சேர்ப்பார்கள். கிலோ 280 கொடுத்து வாங்கிய 'இம்போர்ட்டட் பெல்லட்' முட்டைக்கோழித் தீவனம்.

கோழித் தீவனத்தில் மாவுச்சத்து அதிகம், நார்ச்சத்து மிகக் குறைவு. முயல் தீவனத்தில் நார்ச்சத்து குறைந்தது 18 சதவீதமாவது இருக்க வேண்டும் என்றார். நீளமான நார் உள்ளே போனால்தான் முயலின் குடல் நகரும். மாவு போனால் செரிக்காமல் அந்தப் பைக்குள் இறங்கிப் புளித்து வாயு கட்டும். வலியில் முயல் தின்பதை நிறுத்தும், தின்னாததால் குடல் இன்னும் நின்றுபோகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது மேலே திரும்பாது. சுண்ணாம்பு தனிக் கேடு. முயலின் உடம்பு தீவனத்திலுள்ள கால்சியத்தைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டு, மிஞ்சியதைச் சிறுநீரில்தான் தள்ளும். நாள்பட்டால் மூத்திரப் பையில் கல் சேரும். சில கோழித் தீவனங்களில் ரத்தக்கழிச்சல் நோய்க்கான மருந்தும் கலந்திருக்கும், அவற்றில் முயலுக்கு நஞ்சாகிற வகையும் உண்டு என்றார்.

வயதைப் பற்றியும் கேட்டோம். பஞ்சுவைக் கையில் எடுத்துப் பார்த்து, மாசம் ஒன்று தாண்டியிருக்கும், அவ்வளவுதான் என்றார். எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டிய குட்டி. தாய்ப்பால் இருக்கும்வரை அதன் வயிற்றுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. சீக்கிரம் பிரித்தால் அது போய்விடும், பெரிய முயலுக்கு இருக்கிற, கிருமியைக் கொல்கிற வயிற்று அமிலமும் முழுதாக வந்திருக்காது. முயல் குட்டிகள் கழிச்சலில் அதிகமாகச் சாவது இந்தப் பால்குடி மறக்கிற சமயத்தில்தான். ட்வார்ஃபும் இல்லையாம். சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை, ஒயிட் ஜெயன்ட் என்று கறிக்கு வளர்க்கிற பண்ணை ரகங்களின் குட்டி எல்லாமே இந்த வயதில் கைக்குள் அடங்கும். பெரிதானால் நாலு கிலோவுக்கு மேல் போகும். சின்னதாக இருந்தால் விலை கிடைக்கும் என்பதற்காகத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து விற்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பஞ்சுவுக்கு முதலில் எக்ஸ்ரே எடுத்து அடைப்பு ஏதும் இல்லை என்று பார்த்தார். புழுக்கையை மைக்ராஸ்கோப்பில் வைத்து காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியின் முட்டை இருக்கிறதா என்றும் பார்த்தார். குட்டிகளை அடிக்கடி கொல்கிற நோய் அது, நல்லவேளையாக இல்லை. பிறகுதான் தோலுக்கடியில் வெதுவெதுப்பான சலைன், வலிக்கு ஊசி, குடலை நகர்த்துகிற மருந்து, அடியில் வெந்நீர்ப் பை. வீட்டில் காய்ந்த புல்லை மிக்ஸியில் பொடித்துச் சலித்து, வெந்நீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டச் சொன்னார். முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு இடைவெளி இருக்கும். அங்கே நுனியை வைத்து, துளித்துளியாக, அது மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்த துளி. மல்லாக்கப் பிடித்து ஊட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும். வயிறு டம்மென்று உப்பியிருந்தால் மருத்துவர் பார்க்காமல் ஊட்டவே கூடாது, அடைப்பாக இருந்தால் வயிறே வெடிக்கும். மகளும் அத்தையும் முறை வைத்துக்கொண்டு ஊட்டினார்கள். மறுநாள் சின்னச் சின்னதாக நாலு புழுக்கை வந்தபோது வீட்டில் எல்லோரும் கூடி நின்று பார்த்தோம்.

தீவனம் மாற்றுவது பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உடம்பு சரியில்லாத நேரத்தில் குச்சித் தீவனத்தை முழுக்க நிறுத்திவிட வேண்டும். காய்ந்த புல்லும் தண்ணீரும்தான். சரியான பிறகும் சாப்பாட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். வெளிநாட்டு டிமோதி புல் வாங்க வசதியில்லை என்றால் கவலை வேண்டாம். அருகம்புல், காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் (மேய்ச்சல் நிலங்களில்) கிடைக்கிற கொழுக்கட்டைப்புல் இரண்டையும் நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். வெறும் வைக்கோல் போதாது, அதில் சத்து இல்லை. குதிரை மசால் (லூசர்ன் தீவனப்பயிர்) வளர்கிற குட்டிக்குச் சரி, பெரிய முயலுக்குத் தினமும் கொடுத்தால் கால்சியம் அதிகம். பெரிய முயலுக்கு நல்ல முயல் தீவனம் ஒரு கிலோ எடைக்கு 25 கிராம் போதும். பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு மாறுவதாக இருந்தால், பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்துப் பதினைந்து நாளில் முழுதாக மாற வேண்டும். கீரை, தழை ஒவ்வொரு வகையாக, ஒரு இணுக்கு கொடுத்துவிட்டு மறுநாள் புழுக்கையைப் பார்த்த பிறகு அடுத்தது. பிஸ்கட், சோறு, பால் கூடவே கூடாது. கேரட்டும் எப்போதாவது ஒரு துண்டுதான். நம் பக்கத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: தென்னந்தோப்பில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று கேட்காமல் அங்கே புல் அறுக்காதீர்கள். மழையில் நனைந்து குவித்து வைத்துச் சூடேறிய புல்லையும் போடாதீர்கள்.

ராத்திரியில் மருத்துவர் கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு: கால்நடை நடமாடும் மருத்துவ ஊர்திக்கான 1962 எண் தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் இருக்கிறது. ஊர்தி வராவிட்டாலும் எந்த ஆஸ்பத்திரியில் யார் இருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேரளப் பக்கத்தவர்களுக்கு திருச்சூர் பக்கம் மண்ணுத்தியில் கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது.

பஞ்சு தேறிய பிறகு கடைக்குப் போனோம். நாங்கள் உள்ளே நுழையும்போது பையன் ஒருவன் பின்னாலிருந்த சாக்கிலிருந்து குச்சித் தீவனத்தை அள்ளிச் சின்னச் சின்னப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். சாக்கின் மேல் கோழிப் படம், பக்கத்தில் லேயர், அதாவது முட்டைக்கோழி என்று அச்சடித்திருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டேன். கடைக்காரர், "எல்லாம் ஒரே மக்காச்சோளம்தான் அக்கா, வேணும்னா வேற குட்டி எடுத்துக்கோங்க, காசு வேண்டாம்" என்றார். கூண்டுக்குள் கண்ணே சரியாகத் திறக்காதது மாதிரிச் சிறுசுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. மகள் வெளியே போய் நின்றுகொண்டாள். நாங்கள் எதையும் எடுக்கவில்லை. பில் கேட்டதற்குக் கடைப் பெயரில்லாத வெள்ளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பணம் ஜிபேயில் அனுப்பியிருந்ததால் அந்தப் பதிவு கையில் இருக்கிறது.

"ஸ்டேட் மாறுதுங்க, ஒண்ணும் பண்ண முடியாது" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அப்படி இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நாங்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தோம், அடுத்தது கோவை ஆணையம். செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2018-இலேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. வாங்கும் முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்தப் பக்கத்தில் யாராவது சமீபத்தில் பெயரில்லாத பையில் முயல் தீவனம் வாங்கியிருந்தால் இன்றைக்கே நாலு குச்சியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மஞ்சள் மாவும் வெள்ளைத் தூளும் பிரிந்தால் முயலுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் புல்லுக்கு மாற்றுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடாமல் பையோடு எடுத்து வைத்து, பணம் கொடுத்த பதிவையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு அது தேவைப்படும்.